பட்டணத்து வெயிலும் உஷ்ணமானியும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பட்டணத்து வெயில் என்பதாகும். நோட்டீசைப் படித்தவர்களில் சிலர், வெயிலைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா, வெயில் அடித்தால் அடிக்கிறது, மழை பெய்தால் பெய்கிறது, அதற்கு மனிதன் என்ன செய்ய முடியும் என்று கேட்டதாக நம்மிடம் சொன்னார்கள். தோழர்களே! இந்த "மனிதன் என்ன செய்ய முடியும்" என்கின்ற ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் நம் பாட்டன்மார் அம்மையில் செத்தார்கள், காலராவில் செத்தார்கள். 1854 இல் லண்டன் பட்டணத்தில் ஜான் ஸ்நோ என்கின்ற ஒரு வைத்தியர், காலராவினால் எந்த எந்த வீட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு படத்தில் குறித்துக்கொண்டே போனார். குறித்துப் பார்த்தால் சாவுகள் எல்லாம் ஒரு தெருவிலிருந்த தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே இருந்தன. அவர் மந்திரம் ஒன்றும் ஜெபிக்கவில்லை. எண்ணினார், குறித்தார், அவ்வளவுதான். வெயில் விஷயத்திலும் நாம் செய்ய வேண்டியது அதுவேதான் என்று சொல்லத்தான் இங்கு வந்திருக்கிறோம்.

முதலில் நம்முடைய ஜனங்கள் வெயிலை எப்படி அளந்து வருகிறார்கள் என்று பார்ப்போம். பஞ்சாங்கத்தைக் கொண்டு அளக்கிறார்கள். அக்கினி நட்சத்திரம் என்றும் கத்தரி என்றும் சொல்லி, மே 4 ஆம் தேதி வாக்கில் ஆரம்பித்து 28 ஆம் தேதி வாக்கில் முடிகிறது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு கதையும் உண்டு. ஒரு ராஜா வருஷக்கணக்காக யாகம் செய்து நெய்யை ஊற்றினானாம். அந்த நெய்யைக் குடித்துக் குடித்து அக்கினி பகவானுக்கு அஜீரணம் வந்துவிட்டதாம். அதற்கு மருந்தாகக் காண்டவ வனத்தை அப்படியே எரித்துத் தின்றானாம். அஜீரணக்காரன் ஒரு காட்டையே தின்றால் தீரும் என்பது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்கக் கூடாது, கேட்டால் நாஸ்திகம். (சிரிப்பு)

சரி, கதை போகட்டும். கணக்காவது சரியா என்று பாருங்கள். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் பதிவான வெயிலில் மிகக் கடுமையானது 45 டிகிரி சென்டிகிரேடு. அது எந்தத் தேதியில் தெரியுமா? 2003 ஆம் வருஷம் மே மாதம் 31 ஆம் தேதி. அதாவது கத்தரி முடிந்துவிட்டது, இனிமேல் தணியும் என்று பஞ்சாங்கம் சொல்லிவிட்டுப் போன மூன்றாம் நாள்! உஷ்ணமானி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லுகிறோம். பஞ்சாங்கக்காரர்கள் சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று பார்த்துக் கத்தரியைக் குறிக்கிறார்கள். பருவமோ நட்சத்திரத்தைப் பார்த்து வருவதில்லை. பூமி சூரியனுக்கு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து வருகிறது. இந்த இரண்டு கணக்கும் ஏறக்குறைய 72 வருஷத்திற்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகின்றன. ஆகவே 1,500 வருஷங்களுக்கு முன்பு இதே கத்தரி ஏப்ரல் நடுவில் தொடங்கி மே முதல் வாரத்தில் முடிந்திருக்கும். இன்னும் 1,500 வருஷம் போனால் மே கடைசியில் தொடங்கி ஜூன் மாதத்தில் போய் நிற்கும். அப்போது மழை கொட்டினாலும் அக்கினி நட்சத்திரம் என்றுதான் பஞ்சாங்கம் சொல்லும். உண்மையில் சென்னையின் தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். தரை காய்ந்து காய்ந்து சூடேற நாளாவதால் மே மாதத்தில் வெயில் கடுக்கிறது. மேற்கிலிருந்து அடிக்கும் வரட்டுக் காற்று எந்த நாளில் பலமாயிருக்கிறதோ அந்த நாளில் கடற்காற்று கரையேற நேரமாகிறது. சில நாள் வருவதே இல்லை. அன்றைக்குத்தான் பட்டணம் வேகிறது. மத்தியானம் ஒரு மணிக்குக் கடற்காற்று வந்துவிட்டால் பிழைத்தோம். நாலு மணிக்கு வந்தால் செத்தோம். இது காற்றைப் பார்த்தும் உஷ்ணமானியைப் பார்த்தும் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமே தவிர, பரணி கிருத்திகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமல்ல.

நிற்க, நம்முடைய நாட்டில் வெயிலை அளப்பது புதிய வேலை அல்ல. 1792 இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானிலை கூடம் கட்டினார்கள். 1796 முதல் அங்கே உஷ்ணத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் நமது சௌகரியத்திற்காகவா செய்தான் என்றால் இல்லை. கப்பலும் வியாபாரமும் அவனுக்கு முக்கியம். ஆனாலும் எழுதி வைத்தானே, அது பெரிய விஷயம். அதற்கு முந்தி ஆயிரம் வருஷம் ஆண்ட நம் ராஜாக்கள் எந்தக் கோவிலுக்கு எத்தனை நாழி நெய் என்று கல்லிலே வெட்டி வைத்தார்களே தவிர, எந்த வருஷம் எவ்வளவு வெயில் அடித்தது என்று ஒரு ஓலையிலாவது எழுதி வைத்தார்களா?

இப்போது அளக்கும் முறையைச் சொல்லுகிறோம். ஒரு மரப்பெட்டி. நான்கு பக்கமும் சாய்வுப் பலகை அடித்துக் காற்றுப் புகும்படி செய்து, வெயில் மேலே படாதபடி கூரை போட்டு, வெள்ளை வர்ணம் அடித்து, தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் புல்வெளியில் நிறுத்தி, அதற்குள் உஷ்ணமானியை வைப்பார்கள். இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். தாமஸ் ஸ்டீவன்சன் என்கின்ற, கலங்கரை விளக்கம் கட்டும் இஞ்சினீயர் ஒருவர் கண்டுபிடித்தது. கதை எழுதிப் பேர் வாங்கிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்பவருடைய தகப்பனார் இவர். மகனைத் தெரிந்த அளவுக்குத் தகப்பனை உலகம் தெரிந்துகொள்ளவில்லை.

வானிலை இலாகாவினர் "இன்று 39 டிகிரி" என்று சொன்னால், இப்படிப்பட்ட முறையில், நிழலில், திறந்த வெளியில் அளந்தது என்று அர்த்தம். தோழர்களே! அந்தப் பெட்டிக்குள் நம்மில் யார் குடியிருக்கிறோம்? (சிரிப்பு) தகரக் கூரைக்குக் கீழே பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராக இருக்கிறவனுக்கு அந்த 39 எவ்வளவு? தார் ரோட்டின் மேல் நின்று தார் காய்ச்சுகிறவனுக்கு எவ்வளவு? மூன்று பக்கமும் மாடி வீடு அடைத்த சந்தில் படுத்துக்கிடக்கும் கிழவிக்கு எவ்வளவு? இதற்காக அந்தப் பெட்டியைக் குற்றம் சொல்லக்கூடாது. ஒரே மாதிரி பெட்டியில் ஒரே மாதிரி அளந்தால்தான் சென்ற வருஷத்தை இந்த வருஷத்தோடும், இந்த ஊரை அந்த ஊரோடும் ஒப்பிட முடியும். குற்றம் எங்கே என்றால், பல லட்சம் பேர் வசிக்கும் பட்டணத்தில் ஒன்றிரண்டு பெட்டியை வைத்துவிட்டு, அந்த எண்ணையே எல்லாருடைய வெயில் என்று பேசுகிற இடத்தில்தான் இருக்கிறது. சென்னையில் வெகு காலம் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்கின்ற இரண்டு இடத்துக் கணக்கே பட்டணத்தின் கணக்காக இருந்து வந்தது. வியாசர்பாடிக்காரன் நுங்கம்பாக்கத்து வெயிலிலா நடக்கிறான்?

பட்டணத்துக்குள்ளே வெயில் வேறு, வெளியே வெயில் வேறு என்பதை முதன்முதலில் அளந்து காட்டினவர் லூக் ஹோவர்டு என்கின்ற லண்டன்காரர். இவர் சர்வகலாசாலைப் பண்டிதர் அல்ல. மருந்துச் சரக்கு செய்து விற்கும் தொழிலாளி முதலாளி. மேகங்களுக்கு இன்றைக்கு உலகமெல்லாம் வழங்குகின்ற பெயர்களை வைத்தவரும் இவரே. தன்னுடைய ஊர்ப்புறத்து வீட்டில் உஷ்ணத்தைத் தினமும் குறித்து, லண்டன் நகரத்துக்குள் குறித்த கணக்கோடு வருஷக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்தார். 1818 முதல் புஸ்தகமாக வெளியிட்டார். அவர் கண்டது என்னவென்றால், பகலில் நகரமும் நாட்டுப்புறமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆனால் இரவில் நகரம் நாட்டுப்புறத்தைவிடச் சராசரி 3.7 டிகிரி பாரன்ஹீட் அதிக உஷ்ணமாக இருந்தது. அதாவது சுமார் 2 டிகிரி சென்டிகிரேடு. மோட்டார் இல்லாத காலத்து லண்டன் அது. பிறகு 1927 இல் வில்ஹெல்ம் ஷ்மிட் என்பவர் வியன்னா நகரத்தில் மோட்டார் வண்டியில் உஷ்ணமானியைக் கட்டிக்கொண்டு இரவிலே தெருத்தெருவாகச் சுற்றி, பூங்காவண்டை எவ்வளவு, கட்டிடங்களுக்கு நடுவில் எவ்வளவு என்று குறித்தார். ஒரு வண்டி, ஒரு உஷ்ணமானி, ஒரு பென்சில். இதற்கு எந்த யாகசாலை வேண்டும்?

ஏன் இரவில் பட்டணம் தணிவதில்லை? கல்லும் செங்கல்லும் சிமெண்டும் தாரும் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் கக்குகின்றன. வெறும் மண்ணும் வயலும் மரமும் இருந்தால் அதிலுள்ள ஈரம் ஆவியாகும்போது உஷ்ணத்தையும் எடுத்துக்கொண்டு போகும். பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் அதனால்தான். பட்டணத்தில் ஈரமே இல்லை. மழைத்தண்ணீர் விழுந்த உடனே சாக்கடைக்கு ஓடிவிடுகிறது. மேலும் இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டிடமுள்ள குறுகிய தெருவில், ஒரு சுவர் விட்ட உஷ்ணத்தை எதிர்ச் சுவர் வாங்கிக்கொள்கிறது. ஆகாயத்துக்குப் போக வழி குறைவு. போதாததற்கு ஏ.சி. மிஷின் வேறு. ஏ.சி. என்பது குளிர்ச்சியை உண்டாக்குகிற மிஷின் என்று பலர் நினைக்கிறார்கள். அறைக்குள் இருக்கும் உஷ்ணத்தை எடுத்து, மிஷின் ஓடுவதால் உண்டான உஷ்ணத்தையும் அதோடு சேர்த்து, தெருவில் கொட்டுகிற மிஷின் அது. வீட்டைப் பெருக்கிக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் போடுகிறவனை நாம் திட்டுகிறோம். இதுவும் அந்தச் சாதியைச் சேர்ந்ததுதான். ஏ.சி. வைத்திருக்கிறவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை; ஆஸ்பத்திரிக்கும் நோயாளிக்கும் அது வேண்டியதே. கொட்டுகிற உஷ்ணம் யார் தலையில் விழுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுகிறோம்.

நமக்கு வேண்டியவர்கள் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சென்னையில் மாம்பலத்தில் நீண்ட ஏரி ஒன்று இருந்தது. அதை 1923 வாக்கில் வற்றவைத்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். அப்போது ஆண்டவர்கள் ஜஸ்டிஸ் கட்சியார். ஊருக்குத் தியாகராயர் பெயரையும் பூங்காவுக்குப் பனகால் அரசர் பெயரையும் வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது, கட்டினார்கள். பூங்காவும் அகலமான தெருவும் விட்டுத்தான் கட்டினார்கள் என்பதும் நிஜம். ஆனால் ஏரி போனது போனதுதான். அதற்குப் பிறகு ஆண்ட எல்லாரும் அதே வேலையை, பூங்காவும் அகலத் தெருவும் இல்லாமல் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

இனி உஷ்ணம் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் உடம்பின் உள் உஷ்ணம் சுமார் 37 டிகிரி. அதற்கு மேலே போகாமல் காப்பது வேர்வை. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு தணியும், வழிந்தால் தணியாது. கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை காய்வதில்லை. ஆகவே டில்லியில் 42 டிகிரி என்பதும் சென்னையில் 38 டிகிரி என்பதும், கேட்பதற்கு நாலு டிகிரி வித்தியாசம். உடம்புக்கு வித்தியாசம் இல்லாமலே போகலாம். இதை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. உஷ்ணமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றுப் படும்படி வைத்தால் ஒரு எண் காட்டும். ஈரக் குமிழ் உஷ்ணம் என்று அதற்குப் பெயர். அது 35 டிகிரிக்குப் போனால், நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் திடகாத்திரமான வாலிபனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டான் என்று 2010 இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2022 இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான வாலிபர்களையே அறையில் வைத்துச் சோதித்துப் பார்த்ததில், 31 டிகிரியை ஒட்டியே உடம்பு தன்னைத் தணித்துக்கொள்ள முடியாமல் போய்விடுகிறது என்று கண்டார்கள். வாலிபனுக்கே அப்படி என்றால், கிழவருக்கும் கைக்குழந்தைக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சர்க்கார் "வெப்ப அலை" என்று அறிவிப்பதற்கு வைத்திருக்கும் அளவு எது? வெறும் உஷ்ணமானி எண்தான். சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37 டிகிரி எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். "வெப்பமான இரவு" என்று சொல்லுவதற்கும், அன்றைய பகல் 40 டிகிரியை எட்டியிருக்க வேண்டும் என்று விதி. பகல் 38 டிகிரியாக இருந்து, இரவெல்லாம் காற்றே இல்லாமல் ஒரு சேரி முழுவதும் தூங்காமல் வேர்த்துக்கிடந்தால், அது கணக்கிலேயே வராது. பகலில் பட்ட கஷ்டத்தை உடம்பு ஆற்றிக்கொள்வது இரவில்தான். இரவும் இல்லையென்றால் மூன்றாம் நாள், நாலாம் நாள் சாவு வருகிறது. அப்படிச் செத்தவனுக்கு என்ன எழுதுகிறார்கள்? மாரடைப்பு என்று எழுதுகிறார்கள். சிறுநீரகம் கெட்டது என்று எழுதுகிறார்கள். வயோதிகம் என்று எழுதுகிறார்கள். வெயில் என்று எழுதுவது பத்தில் ஒன்று இருந்தால் அதிகம் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

அதனால்தான் மேல்நாட்டில் வேறு வழியில் எண்ணுகிறார்கள். வழக்கமாக அந்த வாரத்தில் எத்தனை பேர் சாவார்கள், இந்த வருஷம் எத்தனை பேர் செத்தார்கள், மிச்சம் எத்தனை என்று பார்க்கிறார்கள். 1995 ஜூலையில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் அப்படி எண்ணியபோது ஒரே வாரத்தில் 700 பேருக்கு மேல் கூடுதலாகச் செத்திருந்தார்கள். பிணங்களை வைக்க இடமில்லாமல் குளிர்சாதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நகரத்தின் மேயரோ, இவ்வளவு பேர் வெயிலிலா செத்தார்கள் என்று கணக்கின் மேலேயே சந்தேகப்பட்டார். அதிகாரத்தில் இருக்கிறவர்கள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான். அந்த ஊரிலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேட்டைகள், இரண்டிலும் ஏழைகள், வெயிலும் ஒன்றேதான். வடக்கு லாண்டேல் என்கின்ற பேட்டையில் லட்சத்துக்கு 40 பேர் வீதம் செத்தார்கள்; தெற்கு லாண்டேலில் லட்சத்துக்கு 4 பேர். எரிக் கிளைனன்பர்க் என்கின்ற சமூக ஆராய்ச்சிக்காரர் இதை விசாரித்தார். செத்த பேட்டையில் கடைகள் மூடிப்போய், ஜனங்கள் ஊரைவிட்டுப் போய், வீடுகள் பாழடைந்து, கிழவர்கள் பயத்தினால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்தார்கள். பிழைத்த பேட்டையில் தெருவில் ஜனநடமாட்டம் இருந்தது, கடை இருந்தது, கிழவர் வெளியே வந்து உட்கார இடம் இருந்தது. வடக்கு லாண்டேலில் இருந்தவர்கள் பெரும்பாலும் நீக்ரோ சகோதரர்கள் என்று அந்நாட்டில் முன்பு அழைக்கப்பட்டு, இன்று கறுப்பின மக்கள் என்று மரியாதையாக அழைக்கப்படுகிறவர்கள். வெயில் எல்லாருக்கும் பொது என்று சொல்லுகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

நம் தேசத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2010 மே மாதம் குஜராத்தில் அகமதாபாத்தில் 46.8 டிகிரி அடித்தது. அந்த மாதத்தில் வழக்கத்துக்கு மேலாக 1,344 பேர் செத்ததாகப் பின்னால் எண்ணிக் கண்டார்கள். அந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் உஷ்ணத்தால் காய்ச்சல் கண்டு அவசர சிகிச்சைக்கு வருவது அதிகரித்தது. என்ன காரணம் என்று பார்த்தால், பிரசவ வார்டு மேல் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். அப்படி வரும் குழந்தைகளின் தொகை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. தோழர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தைக்குத் தோஷம் என்று தாயத்துக் கட்டினார்களா? கட்டிலை நகர்த்தினார்கள்! 2013 இல் அந்த நகரத்தார் ஒரு வெப்பத் திட்டம் போட்டார்கள். நாளை இத்தனை டிகிரி என்றால் மஞ்சள், இத்தனை என்றால் சிவப்பு என்று நிறம் வைத்து முன்னாலேயே சொல்லுவது, ஆஸ்பத்திரிகளைத் தயார் செய்வது, தண்ணீர் வைப்பது, பிறகு ஏழை வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவது என்று நடத்தினார்கள். இதனால் ஆண்டொன்றுக்குச் சராசரி 1,190 உயிர் பிழைத்ததாக 2018 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. தமிழ்நாட்டு சர்க்காரும் 2024 இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். நல்ல உத்தரவுதான். ஆனால் வெயிலால் செத்தான் என்று எழுதினால்தானே பணம்? எழுதுவதற்கு அளந்திருக்க வேண்டாமா?

நாம் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம்? கத்தரி வந்தால் சிவன் கோவிலில் லிங்கத்துக்கு மேலே பாத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்கள். தாராபிஷேகமாம். ஈரம் காய்ந்தால் உஷ்ணம் தணியும் என்கின்ற சாஸ்திரம் நம்மவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை வேர்க்காத கல்லுக்குச் செய்கிறார்கள்! கோவில் மதிலுக்கு வெளியே செங்கல் சுமக்கும் சித்தாளம்மாள் ஒரு செம்புத் தண்ணீருக்கு அரை மைல் நடக்கிறாள். 2019 இல் சென்னையின் ஏரிகள் வறண்டு ஜனங்கள் குடத்தோடு தெருவில் நின்றபோது, அறநிலைய இலாகா கோவில்களில் மழைக்கு யாகம் செய்யும்படி சுற்றறிக்கை அனுப்பியது. வெந்துகொண்டிருக்கிற ஊரில் மேலும் நெருப்பு மூட்டுவது என்ன வைத்தியமோ தெரியவில்லை. வாஸ்து என்று சொல்லிக்கொண்டு, காற்று வருகிற பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே ஏ.சி. மாட்டிக்கொண்டவர்களையும் பார்க்கிறோம். அவரவர் பணம், அவரவர் மூளை.

தண்ணீர்ப் பந்தல்காரர்களையும் விடுவதற்கில்லை. பந்தல் போடுவது நல்ல காரியம். மோரும் உப்புக் கலந்த கஞ்சியும் கூழும் வேர்வையில் போன உப்பையும் தண்ணீரையும் திரும்பக் கொடுக்கின்றன. ஆனால் பந்தலை எங்கே போடுகிறார்கள்? தலைவர் வந்து திறந்துவைக்க வசதியான நாற்சந்தியில். பானையைவிடப் படம் பெரிது. முதல் நாள் தர்ப்பூசணி, இரண்டாம் நாள் மோர், மூன்றாம் நாள் வெறும் பானை, நாலாம் நாள் பானையும் இல்லை. படம் மட்டும் மழைக்காலம் வரைக்கும் இருக்கும். எந்தத் தெரு அதிகம் வேகிறது, எந்த இடத்தில் எத்தனை பேர் வெயிலில் நின்று வேலை செய்கிறார்கள் என்று அளந்து பார்த்து அங்கே போட்டால் பத்துப் பந்தல் செய்கிற வேலையை ஒரு பந்தல் செய்யும்.

ஆகாயத்தில் சுற்றும் செயற்கைச் சந்திரனிலிருந்து எடுத்த வெயில் படங்களைச் சில பத்திரிகைகள் போடுகின்றன. ஊர் முழுவதும் சிவப்பாக, 50 டிகிரி, 55 டிகிரி என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். அது கூரையும் ரோடும் எவ்வளவு சுடுகின்றன என்பதைக் காட்டுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றின் உஷ்ணத்தை அல்ல. உச்சி வெயிலில் தகரக் கூரை 60 டிகிரிக்கு மேலும் சுடும். அந்தப் படத்தால் எந்தப் பேட்டையில் மரமில்லை, எங்கே கூரையெல்லாம் தகரம் என்பது ஒரே பார்வையில் தெரியும். ஆனால் கூரைக்குக் கீழே இருக்கிறவன் நிலை என்ன என்பது கீழே போய் அளந்தால்தான் தெரியும்.

ஆகையால் இந்த வாசகசாலை வாலிபர்களை நாம் கேட்டுக்கொள்வது இது. விலை அதிகமில்லாத சாராய உஷ்ணமானி எட்டு வாங்குங்கள். வாங்கியவுடன் எட்டையும் ஒரே வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் வைத்து, எது கூடக் காட்டுகிறது, எது குறையக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இரண்டு இரண்டாக நாலு இடத்தில் வையுங்கள்: சேரியில் ஒரு தகரக் கூரை வீட்டுக்குள், கடைத்தெருவில் ஒரு நிழலில், மரமுள்ள தெரு ஒன்றில், ஊருக்கு வெளியே வயல் ஓரத்தில். இரண்டில் ஒன்றின் குமிழுக்கு மல் துணி சுற்றி, துணியின் நுனி ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரில் இருக்கட்டும். பார்க்கும்போது அதற்கு ஒரு விசிறியால் நன்றாக வீசிவிட்டுப் பாருங்கள். நாலடி உயரம், சுவரில் ஒட்டக்கூடாது, வெயில் நேரே படக்கூடாது. பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி, விடியற்காலை ஐந்து மணி. மூன்று வேளையும் எழுத வேண்டும். பார்க்காத வேளைக்குக் கோடு போடுங்கள், குத்துமதிப்பாக எண் எழுதாதீர்கள். பொய்க் கணக்கு எழுதுவதற்குப் பஞ்சாங்கமே போதும். தகர வீட்டுக்குள் வைப்பதற்கு அந்த வீட்டு அம்மாளைக் கேட்டு, அவர்களுக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வையுங்கள். பகல் முழுவதும் அங்கே இருக்கிறவர்கள் அவர்கள்தான். நம்மைவிட ஒழுங்காகக் குறிப்பார்கள்.

இது ஒரு பக்கம். மறு பக்கம், முனிசிபாலிட்டியில் சாவுப் பதிவேடு இருக்கிறது. சென்ற ஐந்து வருஷத்தில் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் தினம் எத்தனை சாவு, எந்த வார்டில் என்று 2005 ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். பெயர் வேண்டாம், தொகை போதும். உஷ்ணக் கணக்கையும் அந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரிய காகிதத்தில் எழுதி, இந்த வாசகசாலைச் சுவரிலே ஒட்டுங்கள். பிறகு கவுன்சிலரிடம் போய்க் கேட்பது இரண்டு மூன்று காரியந்தான். சேரிக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்துக் கொடு. அங்கே குழாயில் வெயிற்காலத்தில் பகலிலும் தண்ணீர் விடு. ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று வேம்பையும் புங்கனையும் வெட்டுவதை நிறுத்து. இரவில் தணியாத தெருவில் இருக்கிற கிழவர்களுக்குப் பள்ளிக்கூடத்தையோ சத்திரத்தையோ திறந்துவிடு. கோவில் கல் மண்டபம் பகலில் நல்ல குளிர்ச்சி. எல்லாச் சாதியாரும் படுக்கலாம் என்று அதைத் திறந்தால் நமக்கு ஆட்சேபணை இல்லை.

உஷ்ணமானிக்காக ஒரு தோழர் இங்கேயே 500 ரூபாய் கொடுத்திருக்கிறார். நாலு இடம், மூன்று வேளை. முறை போட்டுப் பார்க்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். பெண்களும் பெயர் கொடுக்கலாம்; கொடுக்க வேண்டும். காரியதரிசி வாசலண்டை நோட்டுப் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கலையும்போது அவரிடம் பெயரையும் எந்த வேளை சௌகரியம் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.